பாலாடை மறக்காத கிளி

பயந்த மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் பயப்படுவதையே உத்தியோகமாகப் பார்த்து, அதற்கு மாதச் சம்பளமும் தீபாவளிக்கு போனஸும் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது ஓர் அட்டைக் கம்பெனி இருந்தது. அதில் அவர் பாய்லர் பார்த்தார். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஏதோ ஒரு புனிதரின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் புனிதர் சிங்கத்தின் முன்னால் அசையாமல் நின்றவராம். பெயர் பொருந்தவில்லை என்று கம்பெனிக்காரர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, 'சேஃப்டி வால்வு' என்று மாற்றிவிட்டார்கள். பாய்லரில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால்தான் சேஃப்டி வால்வு கத்தும். எங்கள் வால்வுக்கு அந்த அளவு ஏறவேண்டிய அவசியமெல்லாம் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நான் அதே கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவன், கல்யாணமாகாதவன். கம்பெனிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வரிசை வீட்டில், வால்வின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் அவர் வீட்டுக் கருவாட்டு வாசனையும் அவருடைய கவலையும் தாராளமாக என் பக்கம் வரும்.

ஒரு முறை அவருடைய மச்சான் பட்டணத்திலிருந்து பிரஷர் குக்கர் ஒன்றை வாங்கிவந்து தன் அக்காவுக்கு, அதாவது வால்வின் மனைவிக்கு, பரிசாகக் கொடுத்தார். வால்வு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினார். வரிசையில் இருந்த எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொன்னார். குக்கரை ஏற்றிவிட்டு கிணற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அது முதல் விசில் அடித்ததும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டார். இறக்கிவைக்க யாருக்கும் தைரியம் வராமல் சோறு கருகி, பாத்திரம் கருகி, எல்லாம் அடங்கிய பிறகுதான் வெளியே வந்தார். என்னண்ணே இது என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இல்லாதவங்க கையில பாய்லரைக் குடுத்துட்டு நான் எப்பிடி தம்பி டூட்டிக்குப் போவேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குக்கரில் புளி போட்டு வைத்திருந்தார்கள்.

படப்பைக்கு பஸ் ஏறினாலும் இதே கதைதான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லா டயரையும் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். அந்தத் தடத்து கண்டக்டர்களுக்கு இது பழகிப்போய், அவர் சுற்றி முடிக்கிற வரைக்கும் விசில் ஊதமாட்டார்கள். கோயிலில் பூசை பார்க்கும்போதும் விளக்குத் தொங்குகிற இடத்துக்குக் கீழே முட்டி போடமாட்டார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் பார்த்த காலம் முழுக்க அந்த பாய்லர் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும். தண்ணீர் அந்தக் கண்ணாடியை விட்டு இறங்கிவிட்டால் உள்ளே இரும்பு காய்ந்து பாய்லரே வெடித்துவிடும். ஆகவே பாய்லர்காரர்களுக்கு ஒரே வேதம்தான்: லெவல் இறங்கக்கூடாது. வால்வு அந்த வேதத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். தண்ணீர்க் குடம், அரிசிப் பானை, விளக்குக்கு மண்ணெண்ணெய் எதுவும் முக்காலுக்குக் கீழே இறங்க விடமாட்டார். இவ்வளவு விளக்கமாக நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பாய்லர் ரூமுக்குப் பின்னால் தலையில்லாத மொட்டைப் பனை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது என்றைக்காவது தன் நீராவிக் குழாய் மேல் விழுந்துவிடும் என்று வால்வு மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மேனேஜர் ஆள் வைத்து அதை வெட்டச் சொல்லிவிட்டார். பனை ஒழுங்காக வயல் பக்கம்தான் விழுந்தது. விழுந்த மரத்தின் பொந்திலிருந்து மூன்று கிளிக்குஞ்சுகள் உருண்டு வெளியே வந்தன. இரண்டு அந்த அதிர்ச்சியிலேயே போய்விட்டன. மூன்றாவது இறகு முளைக்காமல், கண் திறக்காமல், உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய அலகோடு கிடந்து துடித்தது. மரம் வெட்ட வந்தவர் அதைக் காக்கைக்கு வீசப்போனார். வால்வு ஓடிப்போய், கையில் இருந்த எண்ணெய்ப் பஞ்சில் அதை வாங்கிக்கொண்டார்.

"நான் கம்ப்ளெயிண்ட் பண்ணதாலதான் தம்பி இதுக்கு வூடு போச்சு" என்று என்னிடம் சொன்னார். அவர் முகம் அன்று நிஜமாகவே கறுத்துப்போயிருந்தது.

வீட்டில் அவர் மனைவி அந்தோணியம்மா அக்காவும், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இருந்த ஒரே மகள் பிலோவும். அக்கா நிதானமானவர். பிலோ அப்பாவுக்கு நேர் எதிர். கிணற்றுக் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்கிற பெண். வால்வு அவளைப் பதினெட்டு வயதிலும் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்.

கிளிக்குஞ்சு ஒரு கூடைக்குள் குடியேறியது. சூட்டுக்கு லைட்டு போடலாம் என்றாள் பிலோ. ஷார்ட் ஆகிவிடும் என்று வால்வு மறுத்து, டானிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தார். வெந்நீர் விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. பொட்டுக்கடலை மாவைக் கூழாகக் கரைத்து எதில் ஊட்டுவது என்று யோசித்தபோது, அக்கா பெட்டிக்குள் கைவிட்டு பிலோ குழந்தையாக இருந்தபோது பால் குடித்த பித்தளைப் பாலாடையை எடுத்துக் கொடுத்தார். அதன் ஊற்றுகிற மூக்கு கிளியின் அலகுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திவிட்டது. கிளிக்குப் பெயர் வைக்க மட்டும் வால்வு சம்மதிக்கவில்லை. பிழைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். அக்கா அதை 'வாயி' என்று கூப்பிட்டார். உடம்பில் வேறு எதுவும் இல்லாததால் அந்தப் பெயரே நிலைத்தது.

கூழின் சூடுதான் பெரிய பிரச்சினை. சூடு அதிகமானால் உள்ளே வெந்துபோகும், ஆறிப்போனால் செரிக்காது. வால்வின் கையோ கொதிக்கிற குழாயைத் தொட்டுத் தொட்டுத் தழும்பேறிப்போன கை. அதற்கு எதுவும் தெரியாது. அக்காவின் கை அடுப்பில் பழகியது, அதுவும் நம்பிக்கைக்குரியதல்ல. எனவே தினமும் காலையில் நான் வாயில் பல்பொடியோடு நிற்கும்போது சுவருக்கு மேலே ஒரு பாலாடை தெரியும்.

"தம்பி, மணிக்கட்ட நீட்டு. உன் கைதான் பூ மாதிரி கீது."

பேனா பிடிக்கிறவன் கையை இதைவிட நாசூக்காக யாரும் கேவலப்படுத்தியதில்லை. என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, என் முகத்தைப் பார்த்து, நான் சரி என்று சொன்ன பிறகுதான் கிளிக்குக் காலை உணவு.

ஊட்டத் தொடங்கியதும் குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே விழுங்கும். விழுங்க விழுங்கக் கழுத்துக்குக் கீழே தீனிப்பை உப்பிக்கொண்டு வரும். இறகில்லாத மெல்லிய தோல் என்பதால் உள்ளே கூழ் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். வால்வு அதைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். கடவுள் கிளிக்கும் ஒரு லெவல் கண்ணாடி வைத்துதான் அனுப்பியிருக்கிறார் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து பை பாதி இறங்கினால் போதும், பாலாடை வந்துவிடும். ஷிப்டில் இருக்கும்போது லெவல் தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனிச் சங்கை ஊதுவதும் அவர் பொறுப்புதான். அதனால் மனைவியோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: முற்பகலில் சங்கை ரொம்ப லேசாக, ஒரு மூச்சு மட்டும் ஊதுவார். அதைக் கேட்டதும் அக்கா ஊட்டவேண்டும். நீராவிச் சங்குக்கு லேசாக ஊதத் தெரியாது. அது எப்போதும் போல ஊரைக் கூட்டியது. அட்டை வெட்டுகிற செக்‌ஷனில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்துவிட்டார்கள். கேன்டீனில் அரிசி அப்போதுதான் உலையில் விழுந்திருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே பாய்லர் ரூமுக்கு வந்தார். வால்வுக்குப் பொய் சொல்லவும் பயம். கிளிக்குப் பசிக்கிற நேரம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

சர்ட்டிபிகேட் உள்ள பாய்லர்காரர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பது கஷ்டம் என்பதால் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். தண்டனை எனக்குத்தான் விழுந்தது. மதிய இடைவேளையில் நான் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். லெவல் எவ்வளவு என்பார். முக்கால் என்பேன். அவர் பெருமூச்சு விட்ட பிறகுதான் என்னால் என் ஓட்டல் பொட்டலத்தைத் திறக்க முடியும்.

குஞ்சுக்கு முள் முள்ளாக இறகு குத்திக்கொண்டு வந்தது. பிறகு பச்சை விரிந்தது. வால் நீண்டது. விரலைக் கடித்தது. பார்க்க முழுக் கிளியாகிவிட்டது, ஆனால் வால்வைக் கண்டால் தலையை ஆட்டி வாயைத் திறந்துவிடும். இவரும் ஓடிப்போய்க் கூழ் கரைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பிலோவுக்கு ஆற்காடு பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். பிலோ குதித்த குதியில் எங்கள் சுவர் அதிர்ந்தது. வால்வு மட்டும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கிளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் எதற்குமே வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லமாட்டார்.

"பாப்பா போயிட்டா இதுக்கு யாரு ஊட்டறது? அம்மாக்கு ஒரு கைதான கீது. அதுவா துன்ன ஆரம்பிக்கட்டும், அப்புறம் போவட்டும்" என்றார்.

அக்காவுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. அவர் அதை எடுத்துக் காட்டவும் செய்தார். பிலோ அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள். சரி, கிளி தானாகத் தின்றால் நான் போவேன், பேச்சு மாறக்கூடாது என்றாள். மாதா மேல் ஆணையாக மாறமாட்டேன் என்றார் வால்வு. இப்படி ஒரு பெண்ணின் படிப்பு ஒரு கிளியின் அலகில் போய் மாட்டிக்கொண்டது. வரிசை வீட்டில் எல்லோரும் வந்து கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் வெறியோடு வேலையில் இறங்கினாள். ஊறவைத்த கடலை, கொய்யாத் துண்டு, பச்சை மிளகாய், கம்பெனி வேலியில் பழுத்துத் தொங்கிய கோவைப்பழம் என்று ஒரு தட்டு நிறையக் கிளியின் முன்னால் வைப்பாள். கிளி ஒன்றை எடுக்கும், கடிக்கும், உதறும், விளையாடும். அந்த விளையாட்டில்தான் பழகவேண்டும் என்று அக்கா சொன்னார். ஆனால் அது எதையாவது விழுங்கப்போகிறது என்று தோன்றுகிற கணத்தில் வால்வின் கை குறுக்கே வரும். கொய்யா விதை தொண்டையில் சிக்கும் என்று விதையை எடுப்பார். மிளகாய் காரம் என்று கழுவுவார். கடலைத் தோல் செரிக்காது என்று உரிப்பார். உரித்ததை நசுக்குவார். நசுக்கிய பிறகு, இவ்வளவு நசுக்கியாகிவிட்டது, கொஞ்சம் வெந்நீர் விட்டால் என்ன என்று தோன்றும். தட்டில் வைத்தது எல்லாம் கடைசியில் பாலாடைக்கே போய்ச் சேர்ந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் நேராகவே கேட்டேன், கிளி தின்னக்கூடாது என்று வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹாஸ்டல் சோறு எப்பிடி இருக்கும்னு உனக்கு இன்னா தெரியும் தம்பி? ஓட்டல்ல துன்னுட்டு நீயே எப்பிடி கீற பாரு" என்றார்.

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். என் அறைக்கு வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிலோ அம்மாவிடம் அழுகிற குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குச் சில நாள் கழித்து கிளி பாலாடையைக் கண்டால் முகத்தைத் திருப்பத் தொடங்கியது. உடம்பும் இளைத்தது. பறக்கிற பருவத்தில் கிளிகள் அப்படித்தான் சாப்பாட்டைக் குறைத்து உடம்பை லேசாக்கிக்கொள்ளும் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. கழுத்து இறகை விலக்கி வால்வு பார்த்தது ஒன்றுதான்: லெவல் இறங்குகிறது. அவர் விடவில்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அலகு ஓரமாகக் கூழை ஊற்றி ஊற்றி, எந்நேரமும் பை முக்காலில் நிற்கும்படி பார்த்துக்கொண்டார். பழைய கூழ் இறங்குவதற்கு முன்பே புதுக் கூழ் அதன் மேல் போய் உட்கார்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், முதல் நாள் ஊட்டியது அப்படியே இருந்தது. பை கெட்டியாக உப்பியிருந்தது. புளித்த வாடை வந்தது. கிளி இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கூடையின் மூலையில் கண்ணை மூடி நின்றது. வால்வு கூப்பிட்டார். தலையாட்டவில்லை, கத்தவில்லை.

நான் சைக்கிளை மிதித்தேன். வால்வு கேரியரில் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவா, மெதுவா என்றார். பிறகு அதையும் நிறுத்திவிட்டு ஜெபம் சொல்லத் தொடங்கினார். ஊரில் இருந்தது மாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுதான். லீவு நாளானாலும் டாக்டர் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸிலிருந்து பனியனோடு வந்தார். தனக்கு மாடும் ஆடும்தான் தெரியும் என்று முதலிலேயே சொன்னார். பையை விரலால் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். உள்ளே செரிக்காமல் புளித்துவிட்டது, இனி ஒரு வாய் ஊட்டக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து மெல்லத் தடவிவிடுங்கள், பை முழுசாகக் காலியானால் பிழைக்கும் என்றார்.

காலி என்ற வார்த்தையைக் கேட்டதும் வால்வு கூடையை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் கேரியரிலிருந்து என் முதுகோடு வாதாடிக்கொண்டே வந்தார். மாட்டு டாக்டருக்கு லெவலைப் பற்றி என்ன தெரியும், முழுசாகக் காலி விட்டால் எந்த உயிர் தாங்கும், ரொம்பத் தண்ணியாக ஒரே ஒரு பாலாடை மட்டும் கொடுத்தால் என்ன. நான் வேகமாக மிதித்தேன்.

வீட்டு வாசலில் பிலோ பாலாடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு பாப்பா" என்றார்.

"வருசா வருசம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ணுவப்பா?"

வால்வு விழித்தார். "ஷட்டவுன் பண்ணுவோம்."

"அப்பிடின்னா?"

"நெருப்ப இழுத்துட்டு, ஆற வுட்டு, தண்ணியத் தொறந்து வுட்டுருவோம்."

"எவ்ளோ தண்ணிய?"

"எல்லாத்தையும்தான். சொட்டு இல்லாம."

"வெடிச்சிதா?"

"நெருப்பு இல்லாதப்போ எப்பிடி வெடிக்கும்?" என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கூடையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அதத்தான்பா டாக்டர் சொல்லிகீறாரு" என்றாள் பிலோ. "காலி பண்ணாதான் உள்ள சரியாவும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு, ஷட்டவுன் என்றால் பொறுப்பான ஆள் கூடவே இருக்கவேண்டும், அது ரூல் என்றார். கூடைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஒரு விரலால் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அக்கா தட்டில் சோறு போட்டு அவர் பக்கத்தில் வைத்தார். அது ஆறியது. காலி விட்டால் எப்படியிருக்கும் என்று தானும் பார்த்துவிடத் தீர்மானித்தவர் போல வால்வு அன்று ஒரு பருக்கை தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் இறகை விலக்கிப் பார்த்தால் பை தட்டையாகத் தோல் சுருங்கிக் கிடந்தது. கிளி கண்ணைத் திறந்து வைத்திருந்தது. காலியான பையை வால்வு வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறார். கை தானாகப் பாலாடையைத் தேடியது. பிலோ கொடுக்கவில்லை. பழுத்த கோவைப்பழங்களைக் கூடைக்கு முன்னால் வைத்துவிட்டு, யாரும் கிட்டே போகக்கூடாது என்றாள். ஊட்டிப் பழகியதால்தான் இந்த வினை, இன்று அது தானாகத் தின்னவேண்டும், தின்னவில்லை என்றால் பிழைக்காது. அவள் ஹாஸ்டலைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை, அவள் உட்பட.

அன்று கம்பெனிச் சங்கு எல்லா வேளையும் மிகச் சரியான நேரத்துக்கு ஊதியது. மதியம் நான் சைக்கிளை எடுத்தபோது வால்வும் வந்து கேரியரில் ஏறினார். ஷிப்டு நடுவில் பாய்லரை உதவியாளிடம் விட்டுவிட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. உதவியாளே நம்பாமல் வாசல் வரைக்கும் வந்து நின்று பார்த்தான்.

வீட்டுக்குள் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். கிளி கத்திக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்துத் தலையாட்டிக் கத்தியது. அக்காவைப் பார்த்துக் கத்தியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். என் தோள் மேல் இருந்த வால்வின் கை எலும்பு வரைக்கும் இறுக்கியது. இன்னும் கொஞ்ச நேரம் அது கத்தியிருந்தால் அவர் ஜன்னல் கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

கத்தி ஓய்ந்து, கிளி தத்தித் தத்தி நடந்து வந்தது. ஒரு கோவைப்பழத்தைக் கடித்தது. கீழே போட்டது. மறுபடியும் எடுத்தது. பிறகு ஒரு காலைத் தூக்கி அந்தப் பழத்தை விரல்களால் பிடித்துக்கொண்டு, மற்ற காலில் நின்றபடி, நிதானமாகக் கடித்து உள்ளே இருந்ததை விழுங்கத் தொடங்கியது. அலகெல்லாம் சிவப்பாக வழிந்தது. தோலைத் துப்பிவிட்டு அடுத்த பழத்துக்குப் போனது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிலோ தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வால்வு துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த இரண்டாவது பழமும் தீருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காலுல புடிச்சிக்குது தம்பி" என்றார் மெல்ல. "நான் அத சொல்லியே குடுக்கலயே."

பிறகு என் சைக்கிளில் ஏறாமல் கம்பெனிக்கு நடந்தே போனார்.

பேச்சு மாறவில்லை. பிலோவுக்கு டிரங்குப் பெட்டி வாங்கிவந்து, அதன் பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். டார்ச் லைட், மெழுகுவத்தி, யூகலிப்டஸ் எண்ணெய், சுக்கு, ஒரு முழக் கயிறு எல்லாம் உள்ளே போயின. கயிறு எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் முடிவதற்குள் ஒரு காலை வேளையில் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏற்றப் போனோம். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். வால்வு கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருந்தா ஒரு கார்டு போடு பாப்பா."

"எனக்கு இன்னாப்பா பயம்?"

"எனக்கு இருந்தா?"

அவள் அவர் விரல்கள் மேல் தன் கையை வைத்தாள். "நீ போடு. நான் உடனே பதில் போடறேன்" என்றாள். பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார். அவர் கையை விடுகிற வரைக்கும் கண்டக்டர் இரண்டாவது விசில் ஊதவில்லை.

கிளிக்கு அப்புறம் யாரும் ஊட்டவில்லை. அது முதலில் கொடிக்கம்பிக்குப் பறந்தது, பிறகு வேப்பமரத்துக்கு, பிறகு கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்கு. கொஞ்ச காலம் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஏரிக்கரைப் பனைகளில் இருந்த கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் வால்வு அண்ணாந்து, அந்தக் கடைசியில் போவது நம்முடையது என்பார். தினமும் வேறொரு கிளி கடைசியில் போகும்.

மகளும் போய், கிளியும் போய், அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்னதான் செய்வார்? எல்லாம் சுவரைத் தாண்டி என் பக்கம் வந்தது. ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி, அக்கா கையால் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் செய்தார். காஞ்சிபுரம் போய்வந்தால் ஏன் தாமதம் என்று கேட்டார். நான் தும்மினால் அந்தப் பக்கம் ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்கும். எரிச்சலில் ஒரு தடவை, நான் என்ன குழந்தையா என்று கேட்டுவிட்டேன். இல்ல தம்பி என்று சொல்லிவிட்டுக் கஷாயத்தை என் கையில் கொடுத்து, குடிக்கிற வரைக்கும் நின்றார்.

பிறகு எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். இப்போது பிரஷருக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. என் பையன் பரீட்சை முதல் என் நெஞ்சுவலி வரை எல்லாவற்றுக்கும் நானே பயப்படவேண்டியிருக்கிறது. அந்த ஒற்றை அறையில் இருந்த வருடங்களில் நான் எதற்கும் பயந்ததாக நினைவே இல்லை. எனக்கும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார்.